பெயர் சொல்லாத மேற்கோள்

யாராவது ‘போல’ என்று சொல்லிவிட்டால் போதும், கமலேஸ்வரி டீச்சரின் வலக்கை விரல்கள் தாமாக மடங்கத் தொடங்கும். சொல்லப்படும் பொருளுக்கு ஒரு விரல். ஒப்பிடப்படும் பொருளுக்கு ஒரு விரல். ‘போல’வுக்கு மூன்றாவது. இரண்டுக்கும் பொதுவான குணத்துக்கு நான்காவது. நான்கும் மடங்கினால் உவமை முழுமை. ஒன்று நிமிர்ந்து நின்றாலும் அவர் விடமாட்டார். ஒருநாள் திருகோணமலைச் சந்தையில் மீன்காரன் ஒருவன், “பாரை வெள்ளிக்காசு போல, டீச்சர்” என்றான். நான்காம் விரல் மடங்கவில்லை.

“எதில போல? மினுக்கத்திலயா, விலையிலயா?”

“ரெண்டிலயும்தான் டீச்சர்.”

விரலை மடக்கிக்கொண்டு, மீனை வாங்காமலே போய்விட்டார். அவரிடம் படித்த பெண்பிள்ளைகள் வருடக்கணக்காக இதை வகுப்பின் கடைசி வாங்கிலிருந்து செய்துகாட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

பழக்கம் தொற்றியது 1942இல். அப்போது அவள் முழு டீச்சர் அல்ல. நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் உதவிக்கு வைத்திருந்த இளம்பெண். தமிழ்ப் பரீட்சையில் தேறினால் இடம் நிரந்தரம், இல்லாவிட்டால் தேறிய ஒருவரை யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்போம் என்று தலைமை ஆசிரியை மறைக்காமல் சொல்லியிருந்தார். தாய் பத்மாசனி தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தாள்.

“ஒருக்காத்தான் சோதினை. தவறினா மாமா பாக்கிற இடத்தில கழுத்தை நீட்டோணும். பிறகு அழக்கூடாது.”

“தவறமாட்டன் அம்மா.”

“தவறினா எண்டுதானே சொன்னனான்.”

மாமா பார்த்த இடம் வெருகலில் வயலும் மாடும் உள்ள வீடு. மாப்பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. கமலேஸ்வரிக்கு அவர்மீது கோபமும் இல்லை. ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது தன் குரல் வேறு குரலாக எழுவதை அவள் கேட்டிருந்தாள். வீட்டில் ஒருநாளும் எழாத குரல் அது. அதை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவுகட்டியிருந்தாள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில், ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தின் மேல் வந்தன. அன்று பின்னேரமே நகரம் பாதி காலியானது. எண்ணெய்த் தாங்கியின் கரும்புகை வானத்தில் நிற்க, சனம் மூட்டைகளோடு இறங்குதுறையில் நெருக்கியது. மூதூருக்குப் போகும் படகில் பெட்டிகளுக்கு இடமில்லை என்று படகுக்காரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். பத்மாசனி பித்தளைக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். மகளின் தகரப்பெட்டி கரையில் நின்றது. அதற்குள் பாடசாலையிலிருந்து இரவல் வாங்கிய அணி நூல் இருந்தது. படகு நகர்ந்தபின்தான் கமலேஸ்வரிக்கு அது உறைத்தது.

ஈச்சிலம்பற்றில் மாமா இராசதுரையின் வீட்டில் ஒதுங்கினார்கள். மாமாவுக்கு நிறைய வயல். அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்டவரைப் போடியார் என்பார்கள். புத்தகம் போன கதையைக் கேட்டு அவர் மனம் நொந்ததாகத் தெரியவில்லை.

“வெருகலுக்குப் போற பிள்ளைக்கு அணியும் பணியும் என்னத்துக்கு?” என்றார்.

கமலேஸ்வரி மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலைக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாள். இலக்கணம் சொல்லும் சூத்திரங்கள் எல்லாம் பாடம். உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், வேற்றுமை, விபாவனை என்று வரிசை தவறாமல் வந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நூலில் தந்திருந்த உதாரணப் பாடல்களை அவள் மனனம் செய்திருக்கவில்லை; புத்தகம்தான் கையில் இருக்கிறதே என்ற எண்ணம். உதாரணம் இல்லாத சூத்திரம் பரீட்சையில் செல்லாது. சுற்றுவட்டாரத்தில் வேறு பிரதியும் இல்லை. சரி, உதாரணத்தை மனிதரிடம் தேடுகிறேன் என்று எழுந்தாள். யார் வாய் திறந்தாலும் விரலை மடக்கிப் பார்ப்பது அன்று தொடங்கியது.

சிறுபோகத்தில் களை பிடுங்கத் தோப்பூரிலிருந்து முஸ்லிம் பெண்கள் சிலர் வந்து, வயலோரத்தில் வாடி போட்டுத் தங்கினார்கள். அவர்களில் வாய்க்காரி ஸுல்பிகா. முப்பது வயதிருக்கும். கணவன் அலியார் துறைமுகத்தில் கூலி வேலை. போர்க்கால வேலையென்று அவனை வெளியே விடவில்லை. அவனைப் பற்றிய கவலையையும் அவள் பகிடியாகத்தான் பேசுவாள். கமலேஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கியபோது ஸுல்பிகா நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன தங்கச்சி, போடியார்ட மருமகளும் களை புடுங்கவா?”

“கதை கேக்க வந்தனான் ராத்தா.”

“கதை கேட்டா கை சும்மா இருக்கேலாது. இந்தா, இந்த நிரையப் புடிங்க.”

வெயில் ஏறியது. கமலேஸ்வரியின் முதுகு நனைந்து ஒட்டியது. “பாருங்க” என்றாள் ஸுல்பிகா, “வெயிலுக்கு எங்கட மேல எவ்வளவு இரக்கம்! வேலை செய்யிற ஆக்களுக்கு முதுகில தண்ணி தெளிச்சு விடுது.”

கமலேஸ்வரி பிடுங்கிய களையோடு நின்றுவிட்டாள். இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது. “தற்குறிப்பேற்றம்!”

“யா அல்லாஹ், என்னவோ கடிச்சிட்டுதாக்கும்” என்றாள் பக்கத்து நிரையில் நின்ற அசனா.

சிரித்து முடிய, வரம்பில் குடையோடு நின்ற இராசதுரையைக் காட்டி ஸுல்பிகா குரலைத் தாழ்த்தினாள். “போடியாரும் கொக்கும் ஒண்டுதான். ரெண்டும் வரம்பில நிண்டு பாக்கும். கொக்கு மட்டும் எப்பவாச்சும் தண்ணிக்குள்ள இறங்கும்.”

முதலில் ஒப்புமை, பிறகு வித்தியாசம். வேற்றுமை அணி. மாமாவை நினைத்துச் சிரிப்பதா, அணி கிடைத்ததற்குச் சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

இப்படியே அவள் அணிகளைச் சேர்த்தாள். பகலில் கேட்டதைப் பொழுதுபட வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பதித்தாள். ஒவ்வொன்றாக நிரம்பி வந்தது. விபாவனை மட்டும் அகப்படவில்லை. காரணம் இல்லாமலே காரியம் நடந்ததாகச் சொல்லுவது அது. பேச்சில் அது எளிதில் வருவதில்லை. ஒரு மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அவள் அதை விளக்கிக் கேட்டாள். ஸுல்பிகா சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினாள். பிறகு, கவி பாடும் இழுப்பில், மெதுவாகப் பாடினாள்:

கொளுத்தாத தீ எரியும்
கொட்டாத தேள் கடுக்கும்
விளக்கணச்ச கரையிருந்து
வீடு வரான் என் மச்சான்.

யாரும் சிரிக்கவில்லை. விமானத்துக்குப் பயந்து துறைமுகத்தில் இரவில் விளக்கு வைப்பதில்லை என்றும், அலியார் இன்னும் வீடு வரவில்லை என்றும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“ராத்தா, இதை நான் சோதினைக்கு எடுக்கட்டா?”

“எடுங்க. ஆனா என்ட பேரச் சொல்லித்தான் சொல்லணும். எங்கட வயல்ல அப்பிடித்தான். அசனாட கவிய நான் பாடினா, ‘அசனா கவி’ எண்டு சொல்லிட்டுத்தான் வாய் திறப்பன். பேரில்லாமப் பாடினா களவு. நாலு நாளைக்கு ஒருத்தியும் கதைக்க மாட்டாள்.”

“சொல்லுவன் ராத்தா. சத்தியமாச் சொல்லுவன்.”

மார்கழியில், வெருகல் கடந்து, வண்டியிலும் பஸ்சிலுமாகப் பரீட்சைக்கு மட்டக்களப்புக்குப் போனாள். எழுத்துத் தாளை ஒருவாறு முடித்தாள். அடுத்த நாள் வாய்மொழித் தேர்வு. நீண்ட மேசைக்குப் பின்னால் அருளம்பலப் பண்டிதரும் வேறு இருவரும் இருந்தார்கள். கதவு திறந்தே கிடந்ததால் அவளுக்கு முன்னால் போன இளைஞனின் கதி அவள் காதில் விழுந்தது. அவன் உருவகத்துக்குத் தானே ஒரு பாட்டுக் கட்டிச் சொன்னான்.

“உம்மட கற்பனையை ஆர் தம்பி கேட்டது?” என்றார் பண்டிதர். “ஆன்றோர் வாக்கைச் சொல்லும். இல்லையெண்டா எழும்பும்.”

இளைஞன் எழும்பினான்.

கமலேஸ்வரியிடம் வந்த கேள்வி விபாவனை. சூத்திரத்தைச் சொன்னாள். பிறகு பாட்டைச் சொன்னாள். ‘அணச்ச’ என்பதை ‘அணைத்த’ என்று திருத்தியிருந்தாள். பண்டிதர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார்.

“விளக்கணைத்த கரை... இருண்டது கரையல்ல பிள்ளை, தலைவியின்ர நெஞ்சு. விளங்குதோ?”

“ஓம் ஐயா.”

“நல்ல பாட்டு. மேற்கோள் எங்க இருந்து? ஆர் பாடினது?”

பெயர் நாக்கில் இருந்தது. தோப்பூர் ஸுல்பிகா, களை பிடுங்குகிற பெண், இப்போதும் உயிரோடு இருக்கிறாள், இருண்டது கரைதான். சொன்னால் பண்டிதர் என்ன சொல்லுவார் என்பதற்குச் சற்றுமுன் எழும்பிப் போனவன் சாட்சி. வெருகல் வீடு அவள் கண்ணில் வந்தது, கரும்பலகையும் வந்தது. அவள் பயந்து உளறவில்லை. அப்படி உளறியிருந்தால் பின்னால் அதைத் தனக்கே மன்னித்திருக்கலாம். அவள் யோசித்து, முடிவெடுத்துச் சொன்னாள்.

“பழம் பாடல் ஐயா. ஆக்கியோன் பெயர் தெரியேல்லை.”

“பெயர் தெரியாமல் போன பெரியவர்கள் எத்தினை பேர்!” என்று பண்டிதர் பெருமூச்சு விட்டார். பாட்டை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

தேறினாள். மறுவருடம் பாடசாலை திரும்பத் திறந்தபோது இடம் அவளுக்கு நிரந்தரமானது. முதலில் இடத்தைப் பிடிப்பது, பிறகு அந்த இடத்தில் நின்று பெயரைச் சொல்லுவது என்பதுதான் அவள் கணக்கு. அது நேர்மையான கணக்கா, பிழைக்குப் பின்னால் தைத்த சமாதானமா? எதுவானாலும் சொல்லியே தீருவது என்றுதான் இருந்தாள்.

அதற்கு முதல் ஸுல்பிகாவே எதிரே வந்துவிட்டாள். 1944இல், மூதூர்ப் படகு வந்து நிற்கும் துறையில், அலியாரோடு. அலியார் மெலிந்திருந்தான், கை கால் சுகமாக இருந்தான்.

“டீச்சர்! பாஸாமே! என்ட பேரச் சொன்னீங்களா?”

சுற்றிலும் சனம். கமலேஸ்வரி, “ஆர் பாடினதெண்டு பண்டிதரே கேட்டவர் ராத்தா” என்றாள். அதில் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யும் இல்லை.

ஸுல்பிகாவின் முகம் மலர்ந்தது. “கேட்டீங்களா? என்ட பேர் மட்டக்களப்புச் சபையில விழுந்திருக்கு!” என்று கணவனை இடித்தாள். “நீங்க ஒருநாளாவது என்ட கவியக் கேட்டீங்களா?”

“நான் வராததப் பாடினதாமே” என்றான் அலியார். “வந்திட்டன், இனி வேற பாடு.”

படகு போனபின்னும் கமலேஸ்வரி அங்கேயே நின்றாள். அந்தக் கிழமையே பண்டிதருக்கு உண்மையைச் சொல்லுவது என்று உறுதிகொண்டாள். ஆனால் அவர் திருகோணமலைக்கு வந்தது அடுத்த வருடம், ஒரு சொற்பொழிவுக்கு. கையில் அவர் புதிதாக அச்சிட்ட அணி உதாரணத் திரட்டு. விபாவனையின் கீழ் அந்தப் பாட்டு; அதன் கீழ் ‘பழம் பாடல்’. கூட்டம் கலைந்ததும் அவள் அவர் கதிரைக்குப் பக்கத்தில் போய், ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். தன் தேர்ச்சியைத் திருப்பி எடுத்தாலும் சரி என்றாள்.

பண்டிதர் கோபிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க ஏலாமல் போனது. அவர் சிரித்தார்.

“அச்சேறிப் போச்சு பிள்ளை. இனி அது பழம் பாடல்தான். களை பிடுங்கிறவள் மூண்டு வருசத்துக்கு முந்திப் பாடினதெண்டா ஆர் படிப்பினம்? நல்ல பாட்டு நாலு பேர் வாயில நிக்கட்டும், விடும்.”

அடுத்த நாள் வகுப்பில் அவள் பாட்டைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழ் ‘தோப்பூர் ஸுல்பிகா’ என்று எழுதினாள். முன்வாங்கில் இருந்த புஸ்பராணி திரட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

“டீச்சர், இதில பழம் பாடல் எண்டெல்லோ கிடக்கு. சோதினையில எதை எழுதிறது?”

அந்த வகுப்பில் எட்டுப் பேர் அந்த வருடம் பரீட்சை எழுத இருந்தார்கள். அவர்களில் சிலருடைய வீடுகளிலும் மாமன்மார் இருந்தார்கள், வெருகல்களும் இருந்தன. கமலேஸ்வரி டீச்சர் எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

“சோதினையில பழம் பாடல் எண்டு எழுதுங்கோ” என்றார்.

எட்டுப் பேரும் அப்படியே எழுதினார்கள். பின்னால் வந்தவர்களும் அப்படியே. அவர்களில் பலர் தேறினார்கள், சிலர் டீச்சர்மாராகவும் ஆனார்கள்; பாட்டும் அவர்களோடு ஊரூராகப் போனது. ஸுல்பிகாவிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோப்பூருக்கு இரண்டு தடவை புறப்பட்டு, இரண்டு தடவையும் மூதூர்த் துறையிலிருந்து கமலேஸ்வரி திரும்பிவிட்டார். ஸுல்பிகா தன் பெயர் சபையேறியது என்றே நம்பிக்கொண்டிருந்தாள். அது இன்னும் ஏறவில்லை.