சேதம் பார்க்க வந்த ஐயா

மழை விட்ட அன்று, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, நாங்கள் மரக்கறி போட்டிருந்த துண்டு நிலத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. லீக்ஸ், கோவா பயிரெல்லாம் அடியில், சேறு மேலே. தேயிலைத் தோட்டச் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்கும் சரி. மகள் ஹட்டன் டவுனுக்கு டியூஷன் போவது அந்தத் துண்டை நம்பித்தான். பயிர் அழிந்தவர்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்கும், வியாழக்கிழமை ஒரு ஐயா நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். அது கிடைத்தால் மறுபடி பயிர் வைக்கலாம். இல்லாவிட்டால் இல்லை.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெறும்வரை தோட்டத்தில் தண்ணீர் ஓடும் கான் வெட்டியவர். தோட்டத்தைப் பார்க்கப் பெரிய துரை வருகிறார் என்றால் முதல் நாளே பாதையைக் கூட்டி, கானைச் சுத்தம் செய்து, ஓரத்துக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது இங்கே வழக்கம். யாராவது பார்க்க வந்தால் இவருக்குக் கை சும்மா இருக்காது.

புதன்கிழமை, பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்க்கிறேன், சேற்றையே காணோம். கயிறு பிடித்த மாதிரி பாத்திகள். தன் தங்கை வீட்டிலிருந்து கோவா நாற்று வாங்கி வந்து நட்டு, தண்ணீரும் ஊற்றியிருந்தார். கல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்னாங்க இது?"

"நாளைக்கு ஐயா வாராருல்ல. சேறும் சகதியுமா காட்டுனா நம்மள சோம்பேறின்னு நெனைக்க மாட்டாரா?"

"அடப் பாவி மனுசா! அழிஞ்சதத்தானே பாக்க வாராரு!"

சேற்றைத் திரும்ப அள்ளிக் கொட்டலாமா என்று யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். எல்லாவற்றையும் ஓடையில் தள்ளிவிட்டிருந்தார்.

ஐயா சிங்களப் பையன், நல்ல மாதிரி. ரொம்ப அழகாக இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். இவருக்கு முகமெல்லாம் பல். சேதம் எங்கே என்று கேட்டதற்கு, "இங்கதான் இருந்துச்சு, சேர்" என்று பாத்தியைக் காட்டினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானும் சொல்லிப் பார்த்தேன். போட்டோ இருக்கிறதா என்றார். மண் சரிந்த நாளிலிருந்து லயத்தில் கரண்ட் இல்லை, போன் செத்துக் கிடந்தது. போட்டோவுக்கு எங்கே போவது? அவர் பக்கத்துத் துண்டுக்குப் போனார். அந்த வீட்டுக்காரர் கொழும்பில் வேலை செய்கிறவர், சரிந்த மண்ணை யாரும் தொடவில்லை. அவருக்கு நிவாரணம் கிடைத்தது.

சேற்றோடு நல்ல மண்ணும் ஓடையில் போயிருந்ததால் எங்கள் நாற்று ஒரு வாரத்தில் வாடிச் செத்தது.

கொழும்புக்காரர் வந்தார். "அண்ணே, நம்ம துண்டையும் ஒங்களோடது மாதிரி ஆக்கித் தாங்க. நாள் கூலி குடுத்துர்றேன்."

எனக்கு உயிர் வந்தது. நிவாரணம் வாசல் வழியாக வராவிட்டாலும் கொல்லை வழியாக வருகிறதே! "இங்க பாருங்க, நாள் கூலி. ஆற அமரச் செய்ங்க. ஒரு வாரமாச்சும் இழுங்க" என்று இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். ஆகட்டும் என்று தலையாட்டினார்.

விடிந்ததும் போனவர் பொழுது சாய வந்தார். "முடிஞ்சிருச்சு" என்று ஒரு நாள் கூலியை என் கையில் வைத்தார். "பாத்தி நம்மளோடதவிட நேரா வந்துருக்கு, வந்து பாரு."

திட்ட வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அந்தக் காசுக்குப் பாதித் துண்டுக்குக்கூட நாற்று வராது. உள்ளே போய், இந்த மாதம் டியூஷனுக்குப் போக வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். அவர் வெளியே மம்பட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.