பாலாம்பிகை விழுங்கிய வரிகள்

கனடாவில், மொன்றியல் டவுன்டவுனில் ஒரு சமூக மண்டபத்தைக் கூட்டித் துடைத்து வந்தவள் பாலாம்பிகை. மட்டக்களப்புக்காரி. குவைத்தில் பதினொரு வருசம் வீட்டு வேலை செய்ததில் கையில் மிஞ்சியது அரபு மொழி ஒன்றுதான். அந்த அரபுதான் மண்டபத்துச் சமையலறையில் நின்ற சிரியாக்காரி ஹனானை அவளுக்கு உயிர்த்தோழியாக்கியது. அந்த ஊரில் பாலாம்பிகைக்கு மனம்விட்டுக் கதைக்க வேறு யார் இருந்தார்கள்?

மாதத்தில் ஒரு ஞாயிறு, அங்கே வெள்ளையரும் அரபு மக்களும் பேசிப் புரிந்துகொள்ளும் கூட்டம் நடக்கும். ஒருநாள் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. கூட்டத்தை நடத்தும் மிரெய், பாலாம்பிகையின் கையிலிருந்த தரை துடைக்கும் மொப்பை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு அவளை மைக் முன்னால் நிறுத்தினாள். இன்று ஒழுங்காக நடந்தால் இனி இந்த வேலை உனக்குத்தான் என்றாள். மூன்று வருசம் பிரெஞ்சு வகுப்புக்கு அலைந்ததற்கு இன்றைக்குத்தான் விடிவு என்று பாலாம்பிகை நினைத்துக்கொண்டாள்.

முதலில் எழும்பி அரபியில் பேசியவள் ஹனான்.

“மூண்டு வருசமா இனிப்புச் செய்துகொண்டு வாறன். தின்னுறீங்கள், படம் எடுக்கிறீங்கள். என்ர வீட்டுக் கதவ ஒருத்தரும் தட்டேல்ல. என்ர மகன் இஞ்சினியர். அவன்ர பேரைக் கண்டதும் விண்ணப்பத்த மூடி வைக்கிறீங்கள். எங்கள விளங்கிக்கொள்ள உங்களுக்கு இன்னும் எத்தினை தட்டு இனிப்பு வேணும்?”

குவைத்து வீட்டில் எசமானி எசமானைப் பற்றி ஏசினால், என்ன சொன்னாள் என்று அவர் இவளைத்தான் கேட்பார். உள்ளதை உள்ளபடி சொன்னால் அடி இவளுக்குத்தான் விழும். அந்தப் பதினொரு வருசப் பழக்கம் நாக்கில் ஏறி உட்கார்ந்தது.

இனிப்புக் கொண்டுவருவது ஹனானுக்குச் சந்தோசம், ஒருநாள் எல்லோரும் அவள் வீட்டுக்கு வரவேண்டுமாம் என்று பாலாம்பிகை பிரெஞ்சில் சொல்லி முடித்தாள். சபை கைதட்டியது. ஒரு கிழவி இனிப்பின் செய்முறையைக் கேட்டாள்.

ஹனானுக்குப் பிரெஞ்சு அரைகுறைதான். என்றாலும் தன் பேச்சின் நீளம் அவளுக்குத் தெரியாதா?

“மகன்ர கதை எங்க?” என்று அரபியில் கேட்டாள்.

பாலாம்பிகை மைக்கைப் பார்த்தாள்.

“அவங்கள் கேக்காம விடுறது எனக்குப் பழக்கம். நீயுமா?”

அடுத்த மாதம் பாலாம்பிகையின் சட்டையில் மொழிபெயர்ப்பாளர் என்று பெயர் அட்டை தொங்கியது. மொப் வேறொருத்தி கைக்குப் போனது. இனிப்பு கடையிலிருந்து வந்தது.

ஹனான் இப்போதும் அதே சமையலறையில்தான் நிற்கிறாள். பாலாம்பிகை அரபியில் நலம் விசாரித்தால் தலை நிமிராமல், வெள்ளையருக்குச் சொல்வதுபோல் பிரெஞ்சில், “பொன்ஜூர், மதாம்” என்கிறாள்.