மூன்று முறை கழுவிய கார்புரேட்டர்

காலைப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, ஜெட் அக்கா பின்வாசலில் உட்கார்ந்து இரண்டாவது கழுவலைத் தொடங்குகிறார். இதற்குத் தனிக் கிண்ணம், தனித் துணி, பாதி முடி உதிர்ந்த பல் பிரஷ். தண்ணீருக்குப் பதில் பெட்ரோல். கிண்ணத்திலிருந்து அவர் எடுக்கும் பித்தளைத் துண்டு சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். நடுவில் ஊசிமுனைத் துளை. அதை ஊதுகிறார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார், திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை ஊதுகிறார். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் அந்தத் துண்டுக்குப் பெயர்தான் ஜெட். அது அக்காவுக்கும் ஒட்டிக்கொண்டு இருபது வருடம் ஆகிறது. வேகத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று நம்பி அவசரமாக வருபவர்கள் நொந்துபோவார்கள்.

பழைய கார்களின் கார்புரேட்டர் பார்ப்பது அவர் தொழில். பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்து எஞ்சினுக்குள் போகிறதா என்பதை மூக்கே அவருக்குச் சொல்லிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல் பார்ப்பார். கருத்திருந்தால், "பெட்ரோலைத் தின்னுக்கிட்டே இருக்கு." வெளுத்திருந்தால், "பட்டினி போட்டிருக்கீங்க." இரட்டைக் கார்புரேட்டர் வண்டி என்றால், ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை மாற்றி மாற்றிக் காட்டி, இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விடுகின்றனவா என்று கேட்பார். அந்த நேரத்தில் தெருவில் தும்மியவர்கூட வாங்கிக் கட்டிக்கொள்வார்.

வீட்டில் இன்னொரு தொழில்காரரும் உண்டு. கார் வயரிங், பேட்டரி, டைனமோ எல்லாம் கணவர் கை. முன்னறை அவருடையது, பின்வாசல் அக்காவுடையது. "பெட்ரோல் போற வழி எனக்கு, கரண்ட் போற வழி அவருக்கு. ஒருத்தர் வேலையில ஒருத்தர் மூக்க நுழைக்கிறதில்ல" என்பார் அக்கா. அது வெளியாட்களுக்குச் சொல்வது. நின்றுபோன எந்த வண்டியைப் பார்த்தாலும் அவருக்கு வயரில் சந்தேகம், இவருக்குப் பெட்ரோலில் சந்தேகம். சாப்பாட்டு மேசைக்கு வந்த வழக்குகளில் தீர்ந்ததைவிடத் தீராததே அதிகம்.

அப்படி வந்ததுதான் கேப்டனின் வண்டி. கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். இரண்டே பேர் உட்காரும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இருபது நிமிடம் பிய்த்துக்கொண்டு ஓடும், பிறகு இருமித் திணறி நின்றுவிடும். மூன்று முறை அக்கா பையோடு போய், சாலையோரத்திலேயே கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டை ஊதி, மாட்டிக் கொடுத்தார். மூன்று முறையும் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. தூசிதான் என்பது தீர்ப்பு. கணவர் முதல் தடவையே காயிலைப் பார்க்கச் சொன்னார். பிளக்குக்குப் பொறி தரும் அந்த உருளை டப்பா அவர் எல்லைக்குள் வருவது.

"கழுவினதும் ஓடுதே, அப்புறம் என்னங்க காயிலு?" என்று அக்கா அவர் வாயை அடைத்துவிட்டார்.

மூன்றாம் முறை நின்ற புதன்கிழமை, கேப்டன் விஷயத்தைச் சொன்னார். மகன் வண்டியைத் தள்ளிவிடச் சொல்கிறானாம். வாங்குபவர்கள் சனிக்கிழமை வருகிறார்களாம். மனைவி போன பிறகு தன் பேச்சைக் கேட்பது இது ஒன்றுதான், இதுவும் கேட்கவில்லை என்றால் யாரோ கொண்டுபோகட்டும் என்றார்.

மறுநாள் அக்காவே பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். இருபத்திரண்டாவது நிமிடம் வண்டி நின்றது. பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்த கை அப்படியே நின்றது. நேற்றுத்தான் கழுவியது, ஒரே ராத்திரியில் தூசி எங்கிருந்து வரும்? ஸ்பேனரைப் பைக்குள் போட்டுவிட்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் எதையும் தொடவில்லை. கேப்டன் வாட்சைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், இந்தம்மாவும் கைவிட்டுவிட்டார் என்று முடிவுகட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

"இப்ப சாவியப் போடுங்க சார்."

முதல் திருப்பலிலேயே கிளம்பியது.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரித்து, ஊதி, மாட்ட அவருக்குச் சரியாக அரை மணி நேரம் பிடிக்கும். திரும்பும் வழியில், வீட்டுத் தெருமுனையில் வண்டி மறுபடி நின்றது. இம்முறை ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. பையிலிருந்த உபரி பிளக்கை வயரில் செருகி, எஞ்சின் இரும்பின் மேல் சாய்த்துவைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். பொறி இல்லை. காயிலைத் தொட்டவர் சூடு தாங்காமல் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"மூணு தடவையும் நான் சரி பண்ணல சார். காயில் சூடேறினா பொறி நின்னுடுது. நான் கழுவி முடிக்கிற நேரத்துல அது ஆறியிருக்கு, அவ்வளவுதான். சனிக்கிழமை வர்றவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க. பத்து நிமிஷம் இங்கயே இருங்க."

கேப்டன் அங்கேயே ஃபோனை எடுத்தார்.

கேப்டனிடம் ஒப்புக்கொண்டது சுலபம், வீட்டில்தான் கஷ்டம். முன்னறையில் கணவர் குனிந்து ஒரு வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"காயில் ஒண்ணு வேணும்."

"எந்த வண்டிக்கு?"

"சிவப்பு வண்டிக்கு."

அவர் சால்டரிங் ராடைக் கீழே வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். சிரிக்கவில்லை, உதட்டை அடக்கப் படும் பாடு மட்டும் தெரிந்தது.

"அப்ப மூணு தடவையா உக்காந்து எதைம்மா கழுவின?"

அக்கா அலமாரியிலிருந்து காயிலை எடுத்தார், அடியில் இருந்த வோல்ட் எண்ணைச் சரிபார்த்தார், துணியால் துடைத்தார். பிறகு, அறை வாசலில் உள்பக்கம் பார்த்துக் கிடந்த கணவருடைய செருப்புகளைக் காலாலேயே தள்ளி, அவர் மாட்டிக்கொண்டு கூட வர வசதியாக வெளியே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போனார்.