முப்பத்தெட்டு லட்சத்தைக் குறைக்க ஏரலுக்கும் காயல்பட்டினத்துக்கும் போன ஐந்து நாள்

ஜூலை முதல் வாரம் வியாழக்கிழமை காலை 6.50க்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினேன். சுற்றிப் பார்க்க வந்தவள் இல்லை. ஒரு க்ரைம் வெப் சீரிஸுக்கு நான் தயாரிப்பு மேலாளர். ஆறு எபிசோட். ஓடிடி நிறுவனம் கொடுத்த வரம்பு இரண்டு கோடியே நாற்பது லட்சம். நான் போட்டுக் கொடுத்த பட்ஜெட் இரண்டு கோடியே எழுபத்தெட்டு லட்சம். திங்கட்கிழமை காலைக்குள் முப்பத்தெட்டு லட்சம் குறையாவிட்டால் தொடரைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள். தயாரிப்பாளர் தன் வீட்டை அடமானம் வைத்து முன்பணம் போட்டிருந்தார். இயக்குநர் இசக்கி பாளையங்கோட்டைக்காரர், முப்பத்தோரு வயது, இது அவருடைய முதல் தொடர். சென்னையில் செட் போட்டு எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிழைத்தோம். நிம்மதியாகத் தூங்கி எழுந்துதான் இதை எழுதுகிறேன். தாமிரபரணிப் பக்கம் குறைந்த செலவில் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இதிலுள்ள எண்கள் உதவலாம்.

வாடகைக் கார் ஒரு நாளைக்கு 3,200 ரூபாய், டீசலும் ஓட்டுநர் படியும் சேர்த்து. ஓட்டுநர் சுடலைக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முதலில் கல்லிடைக்குறிச்சி, 36 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். கதையில் கொலையாகிறவரின் வீடாக இசக்கி அங்கே ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்பது நாளைக்கு வேண்டும், நாள் வாடகை நாற்பதாயிரம். அதைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்று போனேன். வீட்டுக்காரர் காபி கொடுத்தார், ரூபாயைக் குறைக்கவில்லை. "போன மாசமும் சினிமாக்காரங்க வந்தாங்க, நாப்பதுதான் குடுத்தாங்க. உங்களுக்கு மட்டும் எப்படிம்மா கொறைக்க?" என்றார். பேச்சை விட்டு வெளியே வந்தபோது மணி பதினொன்று.

காரில் ஏறியதும் சுடலையிடம் கொட்டிவிட்டேன். போலீஸ் ஸ்டேஷன் செட்டுக்கு ஒன்பது லட்சம், லாட்ஜுக்கு நாலு, குடோனுக்கு இரண்டரை என்று நான் அடுக்க, அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"யக்கா, இது மூணும் ஒரே எடத்துல இருந்தா ஆவாதா?"

"எங்க இருக்கு?"

"ஏரல்ல ஒரு ரைஸ்மில்லு சும்மாதான் கெடக்கு. எங்க சித்தப்பா அங்கன வேல பார்த்தாவ."

திருநெல்வேலி வழியாக ஏரலுக்கு 78 கிலோமீட்டர். மதியம் ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சாப்பாடு ஆளுக்குத் தொண்ணூறு ரூபாய், மீன் குழம்போடு. மில்லுக்குச் சொந்தக்காரர் தங்கராஜ் அண்ணாச்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஏலே சுடலை, யாருலே இது?"

"சென்னையில இருந்து வந்திருக்காவ, அண்ணாச்சி. படம் எடுக்க நம்ம மில்லு வேணுமாம்."

"மில்லுல என்னத்தப் படம் எடுப்பாவ? எலி ஓடுததையா?"

"போலீஸ் ஸ்டேஷனா மாத்தணும், அண்ணாச்சி" என்றேன்.

அவர் யோசித்தார். "கதையில போலீஸ் லஞ்சம் வாங்குவானா?"

"ஒருத்தர் வாங்குவார்."

"அப்போ சரி, சனம் நம்பும்" என்று சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மில்லைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. முன்பக்க அலுவலகம் அப்படியே ஸ்டேஷன். மாடியில் வரிசையாக ஐந்து அறை, லாட்ஜ் ஆகிவிடும். பின்னால் குடோன் குடோனாகவே இருந்தது. நாள் வாடகை ஆறாயிரம் கேட்டார், பேரம் பேச மனம் வரவில்லை. "போகும்போது நீங்க இழுத்த வயரிங்க மட்டும் புடுங்கிட்டுப் போயிராதீய" என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. பதினாலு நாள் வாடகை 84,000, கலை வேலைக்கு 4,16,000. பதினைந்தரை லட்சம் ஆகியிருக்க வேண்டியது ஐந்து லட்சத்தில் முடிந்தது.

அடுத்த வழியைக் காட்டியவரும் அண்ணாச்சிதான். "எல்லாரும் எங்கன தங்குவீய?" என்று கேட்டார். திருநெல்வேலியில் இருபத்தாறு அறை, ஒன்று 1,800 என்றேன். "ஆடி மாசம் எவன் கல்யாணம் வைக்கான்? மண்டபம் பூட்டித்தான கெடக்கும்" என்று ஒரு மண்டபத்து மேலாளரை அங்கேயே போனில் கூப்பிட்டார். பதினாலு அறையோடு மண்டபம் நாளுக்கு ஒன்பதாயிரம். ஆடி அமாவாசைக்கு மட்டும் நாலு நாள் காலி செய்துவிட வேண்டும், கோயில் திருவிழாவுக்கு ஊரே நிறைந்துவிடும் என்றார் மேலாளர். அந்த நாலு நாளைப் படப்பிடிப்புக்கு விடுமுறையாக வைத்துக்கொண்டோம். நடிகர்களுக்குத் திருச்செந்தூரில் எட்டு அறை, தலா 1,500. இருபத்தாறு நாளுக்குக் கணக்குப் போட்டால் ஆறு லட்சத்து எழுபதாயிரம் மிச்சம்.

ஏரலிலிருந்து திருச்செந்தூர் 27 கிலோமீட்டர். மாலை ஆறு மணிக்கு அறைக்குப் போய்க் கூட்டிப் பார்த்தேன். இன்னும் இருபத்தொரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைய வேண்டும். அதில் பதினெட்டு லட்சம் ஒரே காட்சியில் இருந்தது. நாலாவது எபிசோடில், கடலில் இரவு நேரத் துரத்தல்: தங்கம் கடத்தி வரும் படகு, பின்னால் இன்னொரு படகு. நாலு இரவு, இரவுக்கு நாலரை லட்சம்.

வெள்ளிக்கிழமை காலை 13 கிலோமீட்டர் தெற்கே குலசேகரன்பட்டினம் போனோம். கடற்கரையில் அந்தோணி என்ற வள்ளக்காரரைப் பிடித்தோம். இரண்டு வள்ளம், பாதுகாப்புக்கு ஒரு வள்ளம், முங்குகிற ஆட்கள், விளக்குக்கும் ஜெனரேட்டருக்கும் தனிப் படகு என்று நான் பட்டியல் வாசித்தேன். அவர் கடலைக் காட்டினார். மணலை வாரி முகத்தில் அடிக்கிற காற்று.

"இது காத்துக்காலம் மேடம். பகல்லயே நாங்க பார்த்துதான் எறங்குதோம். ராத்திரி நடிகருங்கள ஏத்திக்கிட்டு என்னால போவ முடியாது. ரூவா வாங்கிட்டு உங்கள முக்கிவிட்டா நல்லாயிருக்குமா?"

வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்கிற மனிதரிடம் என்ன பேரம் பேச முடியும்? டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். அதே காட்சியைச் செட்டில் எடுத்தால் பதினெட்டு லட்சம் இருபத்தாறு லட்சமாகும்.

அடுத்தது காயல்பட்டினம், 21 கிலோமீட்டர். கல்லிடைக்குறிச்சி வீட்டுக்கு மாற்றாக அங்கே ஒரு வீட்டை, வீட்டுக்காரருடைய தம்பியோடு போனில் பேசி வைத்திருந்தேன். "ஜும்மா முடிஞ்சு எல்லாரும் சாப்பிட்டு எழுந்திரிக்கட்டும், நாலு மணிக்குப் பைய போவோம்" என்றார் சுடலை. சரியான யோசனை.

வீடு ஆழமானது. முன்வாசல் ஆண்களுக்கு. பின்னால் பெண்கள் நடமாடும் ஒடுக்கமான சந்து, அங்கே முடுக்கு என்கிறார்கள். என்னை முடுக்கு வழியாக அழைத்துப் போனார்கள். உள்ளே முத்து பாத்திமா என்பவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அக்கா என்ற பொருளில் எல்லாரும் லாத்தா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"உட்காருங்கோ. கொழுந்தன்கிட்ட பேசினீங்களாம். வீடு அவருக்கும் இல்ல, என் மாப்பிள்ளைக்கும் இல்ல. எனக்கு உம்மா குடுத்தது. எங்க ஊர்ல வீடு பொண்ணுக்குத்தான்" என்றார். மாப்பிள்ளை என்றால் அங்கே கணவர். பிறகு, "கதை என்னா?" என்று கேட்டார்.

சொன்னேன். ஏரல் ஆற்றில் ஒரு வியாபாரியின் பிணம் மிதக்கிறது. விசாரித்துக்கொண்டே போனால் தங்கக் கடத்தல் வருகிறது. கடைசியில் கொலைகாரன் யார் என்றால், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய காயல்பட்டினத்துக்காரன்.

லாத்தா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா? என் மாப்பிள்ளை இருபத்திரண்டு வருஷமா அங்கன ஒரு கடையில நின்னுக்கிட்டு வேல பார்க்குதாவ. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருதாவ. அவங்க அனுப்புத காசு உங்க கண்ணுக்குக் கடத்தல் காசாத் தெரியுதா? அதுக்கு என் வீட்டையே கேட்டு வந்திருக்கீங்க."

அந்தத் திரைக்கதையை ஏழு முறை படித்திருக்கிறேன். எத்தனை வண்டி, எத்தனை விளக்கு, எத்தனை நாள் என்று எண்ணத்தான் படித்தேன். யாரைக் குத்தும் என்று ஒரு முறையும் படிக்கவில்லை. முகம் சுட்டது. "மன்னிச்சிருங்க லாத்தா" என்று எழுந்தேன்.

"எங்க எழுந்திரிக்கிறீங்க? டீ குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

டீ வருவதற்குள் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கொலை பண்ணுத அளவுக்கு ஆத்திரம் எதுல வரும் தெரியுமா? வீட்டுல" என்று ஆரம்பித்தார். அவருடைய தங்கை கணவரோடு இருக்க எட்டு மாதம் துபாய் போயிருந்தார். திரும்பி வந்தால் தன் வீட்டுக் கதவில் வேறு யாருடைய பூட்டோ தொங்கியது. ஒரு புரோக்கர், தங்கையின் கையெழுத்தைப் போல் போட்டுப் பொய்ப் பத்திரம் தயாரித்து வீட்டை விற்றிருந்தான். லாத்தாவும் தங்கையும் இரண்டு வருடம் அலைந்துதான் வீட்டை மீட்டார்கள்.

"அந்தப் பூட்டைப் பார்த்த அன்னைக்கு அவன் எதிர்ல வந்திருந்தா, நானே கொன்னுருப்பேன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

என் தொழில் புத்தி அங்கேயே வேலை செய்ய ஆரம்பித்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு பத்திரம், ஒரு மைப்பெட்டி, ஒரு பூட்டு. முந்நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். படகு வேண்டாம், கடல் வேண்டாம். இதைக் கதையில் வைக்கலாமா என்று லாத்தாவிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு, காருக்கு வந்து இசக்கியைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, படகு இல்லன்னா நாலாவது எபிசோட் செத்துரும்" என்று கத்தினார். "அந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்தக் கதையவே எழுதுனேன்."

"காத்துல வள்ளக்காரரே போக மாட்டேங்கிறார் இசக்கி. அது போகட்டும். அந்தம்மா கேட்ட கேள்விக்கு நீயே வந்து பதில் சொல்லு."

சனிக்கிழமை காலை பத்தரைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். முன்கூடத்தில் உட்கார வைத்தார்கள். லாத்தாவும் தங்கையும் நடைக்கதவு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்கள். முதல் அரை மணி நேரம் இசக்கி தன் கதைக்காக வாதாடினார். அப்புறம் தங்கை, பூட்டைப் பார்த்த அன்று பெட்டியோடு தெருவில் நின்றதைச் சொன்னார். அக்கம்பக்கத்தில் யார் கதவைத் திறந்தார்கள், யார் சாத்திக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இசக்கி வாதத்தை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு இடைவெளி விட்டு, மூன்று மணி நேரம் கேள்வி கேட்டார்.

வெளியே வந்ததும் காரில் சாய்ந்துகொண்டு நின்றார். "கொலகாரன் புரோக்கர்தான்க்கா. காயல்காரரு துப்பு துலக்குதவரு. நாலாவது எபிசோட் பூரா அந்தப் பூட்டின கதவுதான்." பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "படகு வேண்டாம்" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தக் காட்சியை அவர் நான்கு வருடமாக மனதில் வைத்திருந்தவர், எனக்கும் பாவமாக இருந்தது.

லாத்தா வீட்டை நாளுக்கு எட்டாயிரத்துக்குக் கொடுத்தார். தொழுகை நேரத்தில் வேலை நிற்க வேண்டும், செருப்போடு யாரும் உள்ளே வரக் கூடாது, முடுக்கில் ஆண்கள் நடமாடக் கூடாது. "கொலைய வெளிய எங்கயாவது வச்சுக்கோங்கோ. என் வீட்டுல ரத்தம் வேண்டாம்."

ஞாயிறு முழுக்கத் திருச்செந்தூர் அறையில் உட்கார்ந்து பட்ஜெட்டைத் திருத்தினேன். கூட்டுத்தொகை இரண்டு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். திங்கள் காலை 9.40க்கு அதையும் இசக்கி எழுதிய புதிய கதைச் சுருக்கத்தையும் அனுப்பினேன். 11.15க்குத் திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். கருங்குளம் பக்கம் 12.10க்கு ஓடிடி நிறுவனத்திலிருந்து போன் வந்தது. புதிய கதைச் சுருக்கத்தையும் படித்துவிட்டதாகவும், இரண்டுக்கும் சம்மதம் என்றும் சொன்னார்கள். காரை நிறுத்தச் சொல்லி ஆற்றில் இறங்கினேன். முழங்கால் அளவு தண்ணீர், நல்ல குளிர்ச்சி. முகத்தைக் கழுவினேன், மறுபடி கழுவினேன். ஐந்து நாளாகத் தோளில் பிடித்திருந்த இறுக்கம் அங்கேதான் விட்டது.

கரையிலிருந்து சுடலை கேட்டார், "நல்ல சேதிதானக்கா?"

"ஆமா."

"அப்போ எனக்கு இருபத்தாறு நாள் ஓட்டம் உண்டு!"

என் பயணச் செலவு: ரயில் போக வர 2,160, கார் நான்கு நாள் 12,800, அறை நான்கு இரவு 6,000, சாப்பாடும் டீயும் 1,640. மொத்தம் 22,600.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆடியில் மண்டபங்கள் மலிவு, ஆனால் ஏரலில் அமாவாசைத் தேதியை முதலில் கேளுங்கள். தசராவை ஒட்டிக் குலசேகரன்பட்டினத்தில் அறை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆனி ஆடிக் காற்றில் கடல் காட்சி வைக்காதீர்கள். ஆற்றில் இறங்கும் முன் அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று உள்ளூரில் விசாரியுங்கள். காயல்பட்டினத்தில் வீடு பார்க்கப் போனால் குழுவில் பெண் ஒருவர் இருக்கட்டும், வீடு யாருடையது என்று தெரிந்துகொண்டு அவரிடமே பேசுங்கள். வாடகையைக் கேட்பதற்கு முன்னால் கதையைச் சொல்லுங்கள். என் பட்ஜெட்டில் அதிகச் செலவு வைத்த காட்சிதான் அந்த ஊரை அதிகம் அவமதித்த காட்சியாகவும் இருந்தது. முதலாவது எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவதை ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை சென்னை வந்து சேர்ந்ததும் லாத்தாவுக்குப் போன் செய்து, சம்மதம் கிடைத்துவிட்டது என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "முடுக்குல இருக்குத பொண்ணுங்க எல்லாரும் வேடிக்கை பார்க்க வருவாங்க. ஒன்பது நாளும் வருவாங்க. அவங்கள நிக்க வைக்கலாமா? முப்பது நாற்காலி சொல்லிருங்கோ. வாடகை உங்க கணக்கு."

நாற்காலி ஒன்று பத்து ரூபாய், முப்பது நாற்காலி, ஒன்பது நாள். வரம்புக்குக் கீழே எட்டாயிரம் மிச்சம் இருந்தது. பட்ஜெட்டைத் திறந்து, நாற்காலி வாடகை 2,700 என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.