எங்கள் வீட்டில் கதைத்த மூன்று கணினிகள்

நான் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்தில் வேலை பார்த்தவள். முகத்தைக் காணாமல் குரலை வைத்தே ஆள் எப்படிப்பட்டவர் என்று கணிப்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அதனால் விண்டோஸ் நல்லதா, லினக்ஸ் நல்லதா, மக் நல்லதா என்று யாரும் என்னிடம் கேட்டால் நான் திரையின் அழகைச் சொல்ல மாட்டேன். மூன்றும் எங்கள் வீட்டு விறாந்தையில் வாய் திறந்து கதைத்தவை. மூன்றோடும் நான் சண்டை பிடித்திருக்கிறேன்.

என் கணவருக்குச் சீனி வருத்தம் கண்ணில் போய் நின்றது. ஊசி போட்டார்கள், லேசர் அடித்தார்கள், கொழும்புக்கும் கொண்டு போனோம். கடைசியில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தது. ஓர்ஸ் ஹில் மேட்டில் இருக்கும் எங்கள் வீட்டு யன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும். அந்த யன்னல் திறந்திருக்கிறதா என்று அவர் என்னைக் கேட்கும் நிலை வந்தது.

அவர் கந்தோரில் தட்டச்சாளராகச் சேர்ந்து தலைமை இலிகிதராக ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்குப் பிடித்த வேலை, கேட்டு வருகிறவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது. காணிக்காகக் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்துக்கு, நீர் வழங்கல் கந்தோருக்கு, வராத ஓய்வூதியத்துக்கு. சாம்பல்தீவில் இருந்தும் வருவார்கள், மூதூரில் இருந்தும் வருவார்கள். காசு வாங்க மாட்டார். தேத்தண்ணி ஊற்றுகிறவள் நான் என்பதால் அந்தத் தர்மத்தில் பாதி என்னுடையது என்று அவரைச் சீண்டுவேன்.

கண் போனதும் அவர் ஒளிக்கத் தொடங்கினார். படலை திறக்கும் சத்தம் கேட்டால் எழும்பி அறைக்குள் போய்விடுவார். நான் வாசலில் நின்று, "அவர் வெளியாலை போயிட்டார்" என்று பொய் சொல்ல வேண்டும். அவருடைய செருப்பு வாசலிலேயே கிடக்கும். வந்தவர்கள் செருப்பைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், திரும்பிப் போவார்கள்.

"நான் வாசிச்சுக் காட்டுறன், நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்" என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன்.

"வேண்டாம். சனம் தன்ரை வீட்டுக் கதையை எனக்குத்தான் சொன்னது. நீர் வாசிச்சால் அது உம்மிட்டையும் சொன்ன மாதிரி. நானே வாசிக்க வேணும், நானே எழுத வேணும். ஏலாட்டி விடுவம்."

கைத்தொலைபேசி செய்தி வாசித்துச் சொல்லும், அதைக் கேட்பார். ஆனால் அந்தக் கண்ணாடித் திரையைத் தடவிக் கச்சேரிக்குக் கடிதம் எழுத ஏலாது என்று சொல்லிவிட்டார். அவருக்கு விரலுக்குக் கீழே விசைக் கட்டை வேண்டும். அதனால்தான் கணினி தேடும் படலம் தொடங்கியது.

முதலாவது வீட்டில் இருந்த விண்டோஸ். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கெல்லாம் பணிசெயல் முறைமை என்று பெயர். எனக்கு விளங்கிய அளவில் அது வீட்டை நடத்துகிற ஆள். யார் எங்கே இருப்பது, எந்தக் கதவு எப்போது திறப்பது என்று தீர்மானிக்கிற ஆள். விண்டோஸ் ஊரறிந்த ஆள். பழுதானால் பக்கத்துத் தெருவிலேயே யாராவது திருத்துவார்கள், எந்தப் பிரிண்டரைக் கொண்டுவந்து கொழுவினாலும் அச்சடிக்கும். திரையை வாசித்துச் சொல்லும் செயலி ஒன்று இலவசமாகவே கிடைத்தது. குரல்தான் தகரப் பேணிக்குள் இருந்து வந்தது. உணர்ச்சியில்லை, மூச்சு விடுவதுமில்லை. பரிவர்த்தனை நிலையத்தில் இப்படி ஒருத்தி கதைத்திருந்தால் அடுத்த நாளே வேலையால் நிற்பாட்டியிருப்பார்கள். ஆனாலும் இரண்டு கிழமையில் அவர் பழகிவிட்டார்.

அதன் கெட்ட குணம், கேளாமல் தன்னைத்தானே புதுப்பிப்பது. ஒரு நாள் காலையில் குசினியில் கறிக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். விறாந்தையில் குரல் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் திரையில் வட்டம் சுற்றுகிறது. அவர் விசைப்பலகையில் கையை வைத்தபடி அசையாமல் இருக்கிறார்.

"இஞ்சேருங்கோ, அது தன்ரை வேலை பாக்குது. கொஞ்சம் பொறுங்கோ."

அவர் மெல்லத் திரும்பினார். "அப்ப காது போகேல்லை. நான் காதும் போட்டுதெண்டு நினைச்சிட்டன்."

அந்தக் கணினியைத் தூக்கித் துறைமுகத்துக்குள் எறிய வேண்டும் போல எனக்குக் கோபம் வந்தது. கண்ணுள்ளவருக்கு அது ஐந்து நிமிட எரிச்சல். அவருக்கு அந்த ஐந்து நிமிடமும் உலகமே இல்லை.

இந்தக் கதை கிண்ணியாவுக்குப் போனது. கந்தோரில் அவரோடு ஒன்றாக வேலை பார்த்த கூட்டாளி அங்கே இருக்கிறார். ஓய்வு பெற்றபின் சிலர் தோட்டம் செய்வார்கள், சிலர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் சேருவார்கள். இவர் லினக்ஸில் சேர்ந்தவர். பாலம் கடந்து, ஒரு கையில் தயிர்ச் சட்டியும் சட்டைப்பையில் ஒரு பென்டிரைவுமாக வந்து இறங்கினார்.

"மச்சான், இது ஆரிட சொத்துமில்ல. காசில்ல, வைரஸில்ல, நீ சொல்லாம ஒண்டும் செய்யாது. பழைய மெசினுக்கும் உசிர் வரும்."

சொன்னது பொய்யில்லை. மகள் படித்த காலத்து மடிக்கணினி ஒன்று அலுமாரிக்குள் செத்துக் கிடந்தது. பென்டிரைவைக் கொழுவியதும் அது எழும்பி நின்றது. கேளாமல் புதுப்பிக்கவில்லை, சுற்றி வளைக்கவில்லை, சொன்னதை மட்டும் செய்தது. நல்ல பிள்ளை என்று எனக்கும் பிடித்துவிட்டது. ஆனால் எங்கள் பிரிண்டரை அதற்குப் பிடிக்கவில்லை. சில நாட்களில் காரணமில்லாமல் குரலும் போய்விடும். அப்போது தொலைபேசியில் கிண்ணியாவை அழைத்து, அவர் சொல்லச் சொல்லக் கறுப்புத் திரையில் நான் கட்டளை அடிக்க வேண்டும். ஒரு இடைவெளி தவறினாலும் கணினி பிழை என்று திட்டும். ஊரில் அதற்கு வைத்தியம் தெரிந்த ஒரே ஆள் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

பிறகு மெல்பேணில் இருந்து மகன் லீவில் வந்தான். அவனுடைய மக் கையில் எடுக்கவே லேசாக இருந்தது. வாசிக்கும் குரல் அதற்குள்ளேயே இருந்தது, ஒன்றும் இறக்கத் தேவையில்லை. தமிழ்ப் பெண் ஒருத்தி இடத்துக்கு இடம் மூச்சுவிட்டு, இழுத்து, அழகாக வாசித்தாள். இவளை நான் வேலைக்கு எடுத்திருப்பேன்.

"இவள் கடலுக்கு அக்கரையிலை பிறந்தவள், எங்கடை தமிழில்லை" என்றார் கணவர். அவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் கட்டளை விசைகள் எல்லாம் இடம் மாறி இருந்தன. அவர் விரலுக்குப் பழகிய தமிழ்த் தட்டச்சு முறையை அதில் தேடினோம். எங்கேயாவது இருந்திருக்கலாம், எங்கள் கண்ணில் படவில்லை. பழுதானால் என்ன செய்வது என்று கேட்டேன். கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றான் மகன். ஒரு சத்தம் வராவிட்டால் கொழும்புக்கா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கூட்டாளியும் மகனும் என் விறாந்தையில் நேருக்கு நேர் இருந்தார்கள்.

"பாதுகாப்பெண்டால் இதுதான் மாமா, நான் எழுதித் தாறன்" என்றான் மகன்.

"பூட்டி வச்சிரிக்கிற வீடு பாதுகாப்புத்தான் மகன். திறப்பு ஆரிட்ட இரிக்கி எண்டு பாருங்க" என்றார் கூட்டாளி.

இருவருக்கும் நடுவில் என் கணவர் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கலியாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதைதான். வந்த கோபத்தில் தேத்தண்ணிக் கோப்பைகளைச் சத்தமாக வைத்தேன்.

எதிலும் தீராத சிக்கல் ஒன்று இருந்தது. அவர் எழுதிய பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துக் கந்தோர், அச்சகம், பள்ளிக்கூடம் எல்லாம் பாமினிதான். அது தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்து. விண்டோஸில் அந்த எழுத்துரு இருந்ததால் என் கண்ணுக்கு அழகான தமிழ். மற்ற இரண்டிலும் திறந்தால் முகமூடி கழன்று ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். வாசிக்கும் குரலுக்கோ முகமூடி எதிலுமே தெரியாது. மூன்று இயந்திரமும் அந்தக் கடிதங்களை வாய்க்குள் கல்லைப் போட்ட மாதிரி வாசித்தன. இவ்வளவு காலம் எழுதிய முழுவதும் தனக்குக் குப்பையாகிவிட்டது என்று அவர் நினைத்தார். மாற்ற வழி இருக்கிறது, எல்லாவற்றையும் ஆறுதலாக மாற்றித் தருகிறேன் என்று மகன் சொல்லியிருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமைதான் படலை திறந்தது. கணவர் உடனே எழும்பி அறைக்குள் போனார். வந்தவள் சாம்பல்தீவுப் பெண், புருஷன் இல்லாதவள். அவளுடைய காணி உறுதிப் பத்திரத்துக்காக அவர் முன்பு எழுதியவர்.

நான் வாசலுக்குப் போய் வழக்கமான பொய்யைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் செருப்பைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டாள்.

"ஐயாவுக்குக் கண் தெரியாதெண்டு எனக்குத் தெரியும் அக்கா. கச்சேரியிலை முந்தின கடிதத்தோடை திரும்ப எழுதித் தரட்டாம். வேறை இடத்திலை எழுதினன். அந்தத் தம்பி என்ரை கதையை முழுக்கக் கேக்கேல்லை. ஐயா கேட்டவர்."

அறைக் கதவு திறந்தது. அவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, மக்கையும் லினக்ஸையும் கடந்து, பழைய விண்டோஸுக்கு முன்னால் தன் கதிரையில் இருந்தார். கோப்பின் பெயர்களை ஆங்கிலத்தில் வைத்திருந்ததால் அவளுடைய கடிதத்தை அவரே தேடிப் பிடித்துத் திறந்தார். தகரப் பேணிக் குரல் புரியாத ஒன்றைக் கொட்டியது.

"அப்பா, அது பாமினி. பொறுங்கோ, நான் மாத்தித் தாறன்." மகன் எழும்பினான்.

"இரு மகன்."

அம்புக்குறி விசையை ஒரு தரம் அமத்தினார். குரல் ஒரு எழுத்தைச் சொன்னது. திரும்பவும் அமத்தினார்.

"எஃப். எச். இசட். பி."

அவருடைய விரல்கள் மேசையில் அசைந்தன. இரண்டு சுட்டுவிரலும் ஒன்றன்பின் ஒன்றாக, பிறகு இரண்டு சுண்டுவிரலும். நின்றார். திரும்பவும் அதே எழுத்துகள், திரும்பவும் அதே விரல்கள்.

"காணி" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் திரையைப் பார்த்தேன். காணி என்றுதான் இருந்தது.

வாழ்க்கை முழுக்க அந்த விசைகளில் தமிழ் அடித்தவர் அவர். எந்த ஆங்கில எழுத்தில் எந்தத் தமிழ் எழுத்து இருக்கிறது என்று கேட்டால் வாயால் சொல்லமாட்டார், விரல் சொல்லும். குரல் எழுத்தைச் சொல்ல, விரல் அதை மேசையில் அடிக்க, அவர் வாசித்தார். பிள்ளை எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகத்தான் தொடங்கினார். போகப் போக வேகம் வந்தது. வடக்கில் ஒழுங்கை, தெற்கில் தென்னங்காணி, கிழக்கில் பொதுக் கிணறு.

"கிணறு இப்ப மண் மூடித் தூந்து போச்சு ஐயா" என்றாள் அவள்.

"அப்ப அதை எழுத வேணும். சொல்லு பிள்ளை, எப்ப தூந்தது?"

நான் குசினிக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். மகனும் கூட்டாளியும் எந்த இயந்திரத்தைப் பற்றியும் அன்றைக்குப் பிறகு வாதாடவில்லை. கடிதம் முடிந்து அச்சடித்தபோது நான் பிழை பார்க்கட்டோ என்று கேட்டேன்.

"தேவையில்லை" என்றார். எழுத்துக் கூட்டிக் கூட்டித் தானே கேட்டுவிட்டாராம். அவள் கடிதத்தை மடித்துச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மக் மகனோடு மெல்பேணுக்குத் திரும்பிப் போய்விட்டது. போகுமுன் அவன் பழைய கடிதங்களை மாற்றிக் கொடுத்தான். இப்போது அவற்றைக் குரல் ஒழுங்காக வாசிக்கிறது. விண்டோஸ் கேளாமல் புதுப்பிக்காதபடி நேரமும் குறித்து வைத்தான். லினக்ஸ் பென்டிரைவ் அலுமாரியில் இருக்கிறது. விண்டோஸ் ஒருநாள் மூச்சை விட்டால் அதுதான் கை கொடுக்கும். எது சிறந்தது என்று மகன் வீடியோ அழைப்பில் இன்னமும் கேட்பான். அப்பாவின் கதிரைக்கு முன்னால் எது இருக்கிறதோ அது என்று சொல்வேன்.

அவன் போன பிறகு ஒரு காலை, கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். படலை திறந்தது. மூதூரில் இருந்து வந்தோம், ஐயா நிக்கிறாரோ என்று யாரோ கேட்டார்கள். பழக்கத்தில் என் வாய் பொய்க்குத் தயாராகிவிட்டது. உள்ளே திரும்பிப் பார்த்தேன். கதிரை அசையவில்லை. அவர் எழும்பவே இல்லை, தலையை மட்டும் வாசல் பக்கம் திருப்பிக் காத்திருந்தார்.

"ஓம், நிக்கிறார்" என்றேன். "உள்ளுக்கு வாங்கோ."