சகலையின் டிரோனைப் பார்க்கப் பெம்பானுக்கு

சனிக்கிழமை காலை பத்தரைக்குக் கிள்ளானிலிருந்து பஸ் புறப்பட்டது. மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையம் வரை டிக்கெட் இருபது மலேசிய வெள்ளி. சகலையைப் பார்க்கப் போகிறேன் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை.

பத்தொன்பது வருடமாக ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் ஆவணங்கள் தயாரிக்கிறேன். எனக்கு ஒரு நாள் பிடித்த வேலையைப் புதிதாக வந்த மென்பொருள் ஒரு கோப்பி குடிக்கிற நேரத்தில் முடித்துவிடுகிறது. இழப்பீடு வாங்கிக்கொண்டு விலகுவதா, கிடங்கு வேலைக்கு மாறுவதா என்று மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். "குணாவப் போய்ப் பாருங்களேன்" என்றாள் என் மனைவி சுமதி.

குணா அவள் தங்கையின் கணவன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் டிரோன் பறக்கவிட்டு மருந்து தெளிக்கிறான். நாலு வருடத்துக்கு முன்பு, "அண்ணே, சேர்ந்து படிப்போமா?" என்று என்னைத்தான் முதலில் கேட்டான். பொம்மை விளையாட்டுக்கு லைசென்ஸா என்று எல்லார் முன்னாலும் சிரித்தேன். அதை நினைத்தபடியே சிரம்பானைக் கடந்தேன்.

ஒன்றேகாலுக்கு மலாக்கா சென்ட்ரல். எட்டு வெள்ளிக்குச் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, போனில் ஒரு வாடகைக் காடியைக் கூப்பிட்டேன். பெம்பான் இருபது கிலோமீட்டர் சொச்சம், முப்பத்திரண்டு வெள்ளி. ஓட்டியவர் மணியம், ஐம்பதைத் தாண்டியவர்.

"பதினாலு வருசம் செங் ஊர்ல ஃபேக்டரி வேல, தம்பி. அந்த லைனையே மூடிட்டாங்க. இப்ப பகல்ல காடி, சாயங்காலம் கிளாஸ்."

"என்ன கிளாஸ்?"

"மின்சாரக் காடி ரிப்பேர். பேட்டரிய கழட்டி டெஸ்ட் பண்றது. ஆரம்பத்துல சூசாதான், ரொம்பக் கஷ்டம், மண்டையில ஏறவே இல்ல. வாத்தியாருக்கு என் மவன் வயசு லா!" என்று சிரித்தார். "புக்கிட் ரம்பாய்ல ஃபேக்டரி கூரைக்கெல்லாம் சோலார் போடறாங்க. அதுக்கும் ஆள் தேடறாங்க. நீங்க என்ன வேல?"

"ஆபீஸ்."

"அப்ப நீங்க தப்பிச்சீங்க."

ஆயர் குரோவின் விளக்குக் கம்பங்கள் பின்னால் போயின. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேலை போனதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். குணாவைப் பார்ப்பதற்கு முன்பே, முன்பின் தெரியாத ஓட்டுநரைப் பார்த்தே எனக்கு வயிறு எரிந்தது.

பெம்பானைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் ஒரு மண் சடக்கில் இறங்கினேன். வெள்ளை வேன், பக்கவாட்டில் குணாவின் பெயர். உள்ளே ஜெனரேட்டர், பேட்டரிகள். தரையில் ஆறு கைகளை விரித்து உட்கார்ந்திருந்தது டிரோன். சாப்பாட்டு மேசை அளவு இருக்கும்.

"வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

தோட்டக்காரர் ஒரு மலாய்ப் பெரியவர். குணா அவரை மரியாதையாகப் பாக்சிக் என்று அழைத்தான். அவர் அவனைக் கேப்டன் என்றார். அடுத்த வாரம் தன் தம்பியின் தோட்டத்துக்கும் வரமுடியுமா என்று கேப்டனிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார். பத்தொன்பது வருடத்தில் என்னை யாரும் அப்படி எதற்கும் கேட்டதில்லை.

நாலு மணிக்குக் காற்று அடங்கியது. ஓலையைத் தின்னும் புழுவுக்கு மருந்து. குணாவுக்குக் கண்காணிப்பாக நிற்கிற ஆள் கல்யாணத்துக்குப் போயிருந்தான். அதனால் குணா என் கையில் வாக்கி டாக்கியைக் கொடுத்தான்.

"அந்த மூலையில நில்லுங்கண்ணே. மெல்லிசா நீட்டிட்டு இருக்கிற காஞ்ச மரக்கொப்பு டிரோனோட ரேடார்ல விழாது. கண்ணுல பட்டா உடனே ஸ்டாப் சொல்லிடுங்க."

டிரோன் எழுந்தது. ஓலை மட்டைகள் படபடக்க, வெண்புகைபோல மருந்தை இறக்கிக்கொண்டு வரிசை பிடித்துப் போனது. திரும்பி அடுத்த வரிசை. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சிரிக்காமல் இருந்திருந்தால் அந்த ரிமோட் என் கையிலும் இருந்திருக்கும்.

வேலியோரம் பட்டுப்போன ஒரு மரத்தின் கொப்பு தோட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். டிரோன் அதை நோக்கி வந்தது. வாக்கி டாக்கியின் பித்தானில் விரல் இருந்தது. நான் அழுத்தவில்லை. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. பிறகுதான் "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று கத்தினேன்.

சடாரென்று ஒரு சத்தம். டிரோன் சாய்ந்து, மட்டைகளை முறித்துக்கொண்டு விழுந்தது.

குணா மூச்சிரைக்க ஓடிவந்தான். "அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

அதுதான் அவனுடைய முதல் கேள்வி. அவன் டிரோனிடம் போய்க் குனிந்தான். நானும் பின்னாலேயே போனேன்.

"பாத்தேன், குணா."

"என்னண்ணே?"

"அந்தக் கொப்ப முன்னாலயே பாத்துட்டேன். உடனே சொல்லல. இது கீழ விழுந்தா நல்லாருக்கும்னு தோணிடுச்சு."

உடைந்த விசிறியைப் பிடித்தபடி நிமிர்ந்தான். "பாக்சிக் அந்த வரப்புலதான் நின்னுட்டு இருந்தாரு" என்றான் மெதுவாக. "தலையில விழுந்திருந்தா?"

அந்தப் பெரியவரின் நினைவே எனக்கு வந்திருக்கவில்லை. செம்பனை அடியில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு விசிறிகளும் ஒரு கையும் போயிருந்தன. மிச்சத்தை நாளை முடித்துத் தருவதாகத் தோட்டக்காரரிடம் மலாயில் சொன்னான். கொப்பில் மாட்டிவிட்டது என்றான், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. என்னை வேனில் ஏற்றிக்கொண்டான். மலாக்கா சென்ட்ரல் வாசலில் நிறுத்தினான்.

"கோர்ஸ் நடத்துற இடத்தோட விவரம் அனுப்பறேன். படிங்கண்ணே. மேப் போடறது, கணக்குப் பாக்கறது எல்லாம் கம்ப்யூட்டர் வேலதான், உங்களுக்கு வரும்."

"குணா..."

"ஆனா என்கூட வராதீங்க. வேற ஆளுகிட்ட சேர்ந்துக்கங்க. சுமதி அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஏழு மணி பஸ். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை. பொறாமை மலாக்காவோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். வேனிலிருந்து இறங்கும்போது குணா முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. என் பையை எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். கிள்ளானில் என் மேலாளர் எதைச் சொன்னாலும் தலையாட்டியே வயதை ஓட்டிவிட்டேன். என்கூட வராதே என்று ஒருவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இதுவரை வாய் வந்ததில்லை. அவனுக்கு வருகிறது. வேனையும் லைசென்சையும்விட அதைப் பார்த்துத்தான் இப்போது அதிகம் எரிந்தது.

நெடுஞ்சாலை ஏறியதும் சுமதி கூப்பிட்டாள்.

"குணா என்ன சொன்னாரு? வேல இருக்காமா?"

"வேல இருக்கு. அவன்கூட இல்ல."

"ஏன்? அவருக்கு நம்ம மேல என்ன கோவம்?"

ஒரு மாதிரிதான் பேசினான், காசு வந்ததும் மாறிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். அவள் தங்கையோடு பேச்சை நிறுத்தியிருப்பாள். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"கோவப்பட வேண்டியதுதான், சுமதி. நான் செஞ்சத சொல்றேன், கேளு" என்று ஆரம்பித்தேன்.