கரண்ட் போகும் ஊருக்கு ஒரு பூட்லோடர்

அன்று எங்கள் ஜப்பான் பட்டறையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: நிரல் எழுதும் ஹரூகா சான், முதலாளி, ஒயர் பற்றவைக்கும் நான். ஜப்பானில் கரண்ட் போவதே இல்லை. நல்லதுதானே என்பீர்கள். எனக்கு அதுவே கவலை. போகாதது எப்போது போகுமோ என்று யோசித்துக்கொண்டே இருப்பேன்.

நாங்கள் செய்வது எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி. எந்த இழை எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அதுதான். காஞ்சிபுரத்தில், திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் இருக்கும் என் அக்கா செல்வியின் தறியிலும் ஒன்று இருக்கிறது. நான் சொல்லித்தான் வாங்கினாள். அதன் நிரலில் ஒரு பிழை. முந்தானைப் பூவில் ஒரு வரி தாண்டிவிடுகிறது. கல்யாணப் புடவை பாதியில் நிற்கிறது. பெட்டியை இங்கே அனுப்பித் திருத்தினால் தறி மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். அவள் வீட்டுக்கு அந்தத் தறிதான் சோறு.

அதற்காகவே ஹரூகா சான் பூட்லோடரில் கைவைத்தார். பெட்டி விழித்ததும் முதலில் ஓடுகிற சின்ன நிரல் அது. யூஎஸ்பி துளையில் பென்டிரைவைச் செருகினால், ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும் பழைய நிரலை அழித்துப் புதியதை எழுதிவிடும். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஒன்பதாவதோடு நின்ற எனக்கே அதன் அழகு புரிந்தது. ஆனாலும், எழுதும்போதே அக்கா ஊரில் கரண்ட் போனால்? "கரண்ட் வில் கோ" என்றேன், நம் பேச்சை அப்படியே ஆங்கிலமாக்கி. அவர் மீட்டரை எடுத்துவந்து, மின்சாரம் எங்கே கசிகிறதென்று ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தார். "நோ லீக்" என்றார் சந்தோஷமாக. வேறு வழி தெரியாமல், மேசையில் இருந்த பெட்டி புதியதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பச் செருகியபோது பெட்டி விழிக்கவில்லை.

முதலாளி முகம் சுருங்கியது. ஹரூகா சான் பிளக்கையும் என்னையும் பார்த்தார். "அடிக்கடி இப்படி ஆகுமா?"

"மழை பெய்தால். காற்றடித்தால். சில நாள் சும்மாவே."

எழுதியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். நினைவகத்தை இரண்டாக வகுத்தார். பழையது ஒரு பாதியில் அப்படியே இருக்கும்; மறுபாதியில் புதியது முழுதும் எழுதிச் சரிபார்த்த பிறகே பெட்டி அதற்கு மாறும். இடம் போதவில்லை. திரையில் முதலில் வரும் கம்பெனிப் படத்தைத் தூக்கி எறிந்தார். முதலாளி பெருமூச்சு விட்டார், தடுக்கவில்லை. பழைய பாவின், அதாவது நெடுக்கு இழைகளின், நுனி தறியில் இருக்கும்போதே புதுப் பாவை இழையிழையாகப் பிணைப்பார்கள் நம் ஊரில். காஞ்சிபுரத்தைக் கண்ணால் பார்க்காதவர் அதையே செய்திருந்தார்.

மறுவாரம், பூட்லோடரும் திருத்திய நிரலும் ஏற்றி நாங்கள் அனுப்பிய பென்டிரைவோடு அக்கா வீடியோவில் வந்தாள். அங்கே மழை.

"இன்னாடா, இந்தக் குச்சிய சொருவினா போதுமா?"

"போதும்கா. கரண்ட் இருக்குதா?"

"இருக்குதுடா. எப்பப் பாத்தாலும் பயந்துக்கினே இரு நீ. உன் மாமாவ விட மோசம்பா."

பாதி எழுதியிருக்கும்போது கரண்ட் போனது. "போச்சு. நீ வாய வெச்ச" என்றாள். என் பின்னால் ஹரூகா சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் கழித்து அக்கா குரல்: "வந்துச்சுடா. பெட்டில லைட்டு எரியுது. பழசு அப்படியே இருக்குது."

"மறுபடி சொருவுக்கா."

இந்த முறை முடிந்தது. சோதனைக்குச் சில வரி நெய்தாள். பூ தாண்டாமல் வந்தது. நான் சொல்லும் முன்பே ஹரூகா சானுக்குப் புரிந்துவிட்டது. என் போனில் தெரிந்த அக்காவுக்கு ஆழக் குனிந்து வணங்கினார். "யாருடா அந்தப் பொண்ணு, கும்புடுது? நான்தானே கும்புடணும்" என்றபடி அக்கா போனைப் புடவைப் பக்கம் திருப்பினாள். அங்கே மறுபடியும் கரண்ட் போனது. பட்டறையில் அத்தனை விளக்குகளும் அசையாமல் எரிந்தன. நடுவில் உட்கார்ந்து, உள்ளங்கைப் போனில் தெரிந்த எங்கள் வீட்டு இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.